கிளினிக் நாளில் கராம்பு

என் அம்மாவைப் பார்த்த டொக்டர் கெட்டவராக இருந்திருந்தால் அம்மா இன்னும் சில வருடம் இருந்திருப்பார். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. நடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வைத்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். வேறு முடிவுக்கு வர முடிந்தால் வந்திருப்பேன்.

அது யுத்தம் பாதையை அடைக்காத காலம், ரயில்கூட ஓடிக்கொண்டிருந்தது. கிளிநொச்சியில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்கு முன் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வாசலில் இறங்கலாம். இன்றைக்கு ஒருவர் அப்படிச் செத்துப்போனால் பாதை அடைத்துக் கிடந்தது, ஊரடங்கு, வாகனம் கிடைக்கவில்லை என்று எதையாவது சொல்லி மனத்தை ஆற்றலாம். எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. பாதை திறந்துதான் கிடந்தது.

நான் நீர்ப்பாசன அலுவலகத்தில் படவரைஞராக வேலை செய்தேன். வாய்க்கால்களின் குறுக்குவெட்டு, மதகுகளின் அளவு, வயல் துண்டுகளின் எல்லை எல்லாம் என் மேசைக்கு வரும். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைக் காவலாளி ஒவ்வொரு நாளும் காலையில் அளவுப் பலகையில் பார்த்துச் சொல்லி அனுப்புவார். நான் அதை வரைபடத் தாளில் ஒரு புள்ளியாக வைப்பேன். குளத்திடம் "எப்படி இருக்கிறாய்" என்று எவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அதுவும் சுகமென்றுதான் சொல்லியிருக்கும்.

அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர்கள். அப்பா காலமான பிறகு வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் நாங்கள் இருவருமாக இருந்தோம். அம்மா வெற்றிலை போடுவார், புகையிலையோடு. அந்தக் காலத்தில் எங்கள் வாய்க்கால் கரையில் போடாத பெண் யார்? இடது கன்னத்தின் உட்பக்கத்தில் முதலில் ஒரு வெள்ளைத் தழும்பு வந்தது. பிறகு அது புண்ணாயிற்று. கறியில் உறைப்பைக் குறைத்தார். பிறகு உறைப்பே போடுவதில்லை. பிறகு சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டார். இந்த வரிசை எனக்கு இப்போதுதான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று சொல்ல முடியாது. அப்போதே தெரிந்தது. சொன்னேன்.

"ஒருக்கா வாயைத் திறவுங்கோவன், பாப்பம்."

"நீயென்ன டொக்டரோ? வாய்க்காலுக்குப் படம் கீறுறவள் என்ர வாய்க்குள்ளயும் படம் கீறப் போறாளாம்."

"கீறேல்லை, பாக்கத்தான் போறன்."

"போடி. உதைப் பாக்கத்தானே ஆஸ்பத்திரி இருக்கு."

கிளிநொச்சியில் ஆஸ்பத்திரி இருந்தது. ஒவ்வொரு மாதமும் கிளினிக்குக்குப் போனார். அந்த ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பரிபூரண திருப்தி. திருப்திக்கான காரணங்களை யார் வந்தாலும் சொல்லுவார். டொக்டர் இளம் பிள்ளை, ஆனால் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லுவார். மருந்து கட்டும் மிஸி முகம் சுளிப்பதில்லை. காத்திருக்கும் வாங்கில் இடம் இல்லாவிட்டால் கங்காணி மாதிரி நிற்கும் அந்தச் சிற்றூழியர்கூட அம்மாவுக்கு இடம் எடுத்துக் கொடுப்பார். இவ்வளவும் உண்மை. நானும் கண்ணால் கண்டேன். வாயில் இருந்தது என்னவென்று மட்டும் அந்தக் காரணங்களில் எங்கும் இல்லை.

கிளினிக் நாளுக்கு அம்மா ஆயத்தப்படுவதை விளக்க வேண்டும். விளக்காவிட்டால் மிச்சம் விளங்காது.

முதல்நாள் பின்னேரத்தோடு வெற்றிலையை நிறுத்திவிடுவார். சிவந்த வாயோடு டொக்டருக்கு முன்னால் போவது சரியில்லை. தண்ணி மருந்து வாங்கும் போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். விடிய எழும்பிக் கிணற்றடியில் தலைக்குக் குளிப்பார். கோயிலுக்குக் கட்டும் வெள்ளைக் கரைச் சேலையை எடுத்துக் கட்டுவார். திருநீறு பூசுவார். நோவுக்கு ஒரு குளிசை போட்டுக்கொள்வார், வாங்கில் குந்தியிருக்கும்போது முகம் கோணக் கூடாது என்று. தோட்டத்தில் காய்த்த முதல் காய்களில் ஒரு பங்கை, வெண்டிக்காயோ தேசிக்காயோ, பையில் போட்டுக்கொள்வார். அது மிஸிக்கு. கடைசியாக, பஸ் ஏறும்போது, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கும் கராம்பில் ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வார். வாய் மணக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே அந்த மணத்தோடு கதைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இவற்றில் எதையும் தனியே எடுத்துக் குற்றம் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நோவை எடுத்தாயிற்று. மணத்தை எடுத்தாயிற்று. முகத்தில் களைப்பில்லை, சேலையில் கசங்கல் இல்லை. ஒரு டொக்டர் கண்டுபிடிப்பதற்கு என்று நோய் வெளியே விட்டு வைத்த அடையாளங்களையெல்லாம் அம்மா கிணற்றடியில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் போனார்.

அங்கே டொக்டர் கேட்பார்: "எப்பிடி அம்மா இருக்கிறியள்?"

"சுகமாயிருக்கிறன் ஐயா. உங்கட புண்ணியத்தில."

"புண் எப்பிடி?"

"முந்தியவிட எவ்வளவோ பறவாயில்லை."

வேறு என்ன சொல்லுவது? ஒரு மாதமாக மருந்து தந்தவர் கேட்கிறார். சுகமில்லை என்றால் உன் மருந்து சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். அப்படிச் சொல்ல அம்மாவை எவரும் வளர்க்கவில்லை. டொக்டர் அந்தக் கேள்வியை மருந்துக் கணக்காகக் கேட்டார். அம்மா அதற்கு வீட்டுக்கு வந்தவரோடு கதைப்பது போலப் பதில் சொன்னார். டொக்டர் அட்டையில் முன்னேற்றம் என்று எழுதினார்.

வாயைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பை முகத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, மகன் வயதுப் பையனுக்கு முன்னால் எவ்வளவு திறக்கலாமோ அவ்வளவு திறந்தார். டொக்டரின் டோர்ச்சில் பற்றரி முடிந்திருந்தது. வெளியே வரிசை கேற் வரைக்கும் நின்றது. அவரும் நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை. ஒரு தாயின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ அவருக்கும் கூச்சம். மிஸியைக் கூப்பிட்டு ஊதா மருந்து பூசச் சொன்னார். அந்த ஊதா நிறம் பூசிய பிறகு உள்ளே வெள்ளை எது, சிவப்பு எது, சீழ் எது என்று கடவுளுக்கும் தெரியாது. மஞ்சள் நிற விற்றமின் குளிசை தந்தார்கள். அம்மா கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஒருநாள் நான் லீவு போட்டுக்கொண்டு கூடவே போனேன். டொக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார், அம்மா வழக்கமான பதிலைச் சொன்னார். நான் குறுக்கிட்டேன்.

"டொக்டர், அவவுக்குச் சோறு சாப்பிட ஏலாது. வாய் முழுசாத் திறக்குதில்லை."

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே வாய் ஒரு பக்கம் இழுபட்டது. "அவளுக்கு எல்லாத்துக்கும் பயம் ஐயா. தேப்பன் போன நாள்தொட்டு இப்பிடித்தான். ஒரு தும்மல் தும்மினாலும் படம் கீறி வைப்பாள்."

டொக்டரும் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. எனக்குத் தைரியம் சொல்லும் சிரிப்பு. "பயப்பிடாதேங்கோ, புண் ஆறும்போது தோல் இறுகும்," என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது. பஸ்ஸில் வரும்போது என்னோடு கதைக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு நாங்களாகவே போவோம் என்று நான் வீட்டில் மறுபடி தொடங்கியபோது அவருக்குக் கோபம் வந்தது.

"அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? என்னை நம்பாமப் போட்டா எண்டு நினையாதோ?"

"நினைக்கட்டுமன்."

"உனக்குச் சொன்னா விளங்காது. இவ்வளவு நல்லாப் பாக்கிற இடத்தை விட்டிட்டு இன்னொரு வாசல்ல போய் நிக்கிறது அவையைச் செருப்பால அடிக்கிற மாதிரி."

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியாது. கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், சாப்பிடாமல் இருந்தேன். அவர் எனக்குச் சோறு போட்டு மூடிவைத்துவிட்டுத் தன் கஞ்சியைக் குடித்தார்.

அம்மாவோடு எப்போதும் பஸ்ஸில் போகிற இன்னொரு பெண் இருந்தார். எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து எங்கள் காணிக்கு அடுத்த துண்டில் மண்வீடு போட்டிருந்த குடும்பம். எங்கள் வயலிலும் நெல் அருவி வெட்ட வருவார். அவருக்குத் தீராத இருமல். அவர் அம்மாவோடு முதல்முதல் கிளினிக்குக்குப் போன நாளில் உள்ளே நுழைந்ததும், "மூணு மாசமா இருமுறேனுங்க, இதே தண்ணி மருந்தத்தான் திருப்பித் திருப்பிக் குடுக்குறீங்க, ஒண்ணும் கேக்கல!" என்று வாங்கு முழுக்கக் கேட்கச் சொன்னாராம். சிற்றூழியர், "இஞ்சை கத்தாதை. இது உங்கட தோட்டமில்லை," என்று அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்.

அம்மாவுக்கு அவரில் பரிதாபம். பஸ்ஸிலேயே பாடம் தொடங்கிவிட்டது. "எடியே, அப்பிடிக் கதைச்சா ஆர் உன்னை மதிப்பினம்? குளிச்சு வெளிக்கிட்டு வா. டொக்டர் கேட்டா சுகமெண்டு சொல்லு. அதுக்குப் பிறகு மெதுவா இருமலெண்டு சொல்லு. மரியாதையா நடந்தா அவையும் மரியாதையா நடப்பினம்." அம்மா சொன்னது பலித்தது. அடுத்த மாதம் அவர் குளித்து, பூ வைத்து, சுகமென்று சொன்னார். வாங்கில் இடம் கிடைத்தது. அம்மா தன் தலைப்பிலிருந்து அவருக்கும் ஒரு கராம்பு கொடுத்தார்.

பிறகு அந்த நல்ல டொக்டர் ஒரு மாதம் லீவில் போனார். பதிலுக்கு வந்தவர் வயதானவர், கடுகடுத்த முகம். அன்றைக்கும் நான் கூடப் போயிருந்தேன். அவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கதிரையைக் காட்டவில்லை. அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"வாயைத் திற."

அம்மா தலைப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் திறந்தார்.

"சேலையை எடு. நல்லாத் திற. என்ன உள்ளுக்க? கராம்போ? துப்பு."

அம்மா துப்பினார். அவர் தாடையைக் கையால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கரண்டியின் காம்பை உள்ளே விட்டுக் கன்னத்தை விலக்கிப் பார்த்தார். குனிந்து மணந்தார். விரலால் கழுத்தை அமத்தினார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். பிறகு என் பக்கம் திரும்பிக் கத்தினார்: "இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்? படிச்ச பெட்டை மாதிரி இருக்கிறீர், கண் தெரியாதோ?" அங்கேயே நின்றபடி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொல்லித் துண்டு எழுதினார்.

அம்மா பஸ்ஸில் அழுதார். நோய்க்காக அழுகிறார் என்று நினைத்து நான் கையைப் பிடித்தேன்.

"மாட்டுச் சந்தையில பல்லுப் பாக்கிற மாதிரிப் பாத்திட்டான்," என்றார். "நீ எண்டான். துப்பு எண்டான். எத்தினை பேருக்கு முன்னால."

அந்த மனிதரை அம்மா கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. அவ்வளவு காலத்தில் ஆஸ்பத்திரியைப் பற்றி அம்மா குறை சொன்ன ஒரே நாள், அங்கே அவருக்கு வைத்தியம் நடந்த ஒரே நாள்.

பெரியாஸ்பத்திரியில் சதை வெட்டிப் பார்த்தார்கள். புற்றுநோய் என்று அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்கள். கழுத்துக்கு இறங்கிவிட்டது, இனி வெட்டவும் ஏலாது, கதிர்க் கறண்ட் பிடித்தும் பிரயோசனமில்லை, நேரத்தோடு வந்திருந்தால் கதை வேறு என்றார்கள். "வீட்டை கொண்டுபோய் விரும்பினதைச் சாப்பிடக் குடுங்கோ," என்றார் ஒரு டொக்டர். சின்ன விரல் நுழைய முடியாத வாய்க்கு எதைக் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை. நான் துணியால் வடித்த கஞ்சியைக் கரண்டியின் ஓரத்தால் விட்டேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மருந்து கட்ட மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. அந்த நல்ல டொக்டர் லீவால் வந்துவிட்டார். அம்மாவைக் கண்டதும் அவர் முகம் கறுத்துப்போனது. அட்டையை வாசித்தார். பிறகு எழும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாட்டில் காற்று வரும் யன்னலுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுக்கொடுத்தார். நோவுக்கு அங்கே இருந்த ஊசியைப் போட்டார்கள். அது போதவில்லை. அதைவிடப் பலமானது தங்களிடம் இல்லை என்றார்கள். அம்மாவுக்குக் கதைக்க ஏலாமல் போய்விட்டது. டொக்டர் கட்டிலடிக்கு வந்து எப்பிடி அம்மா என்று கேட்டால் கையை உயர்த்தி, பறவாயில்லை என்று காட்டுவார். கடைசிக் கிழமையிலும் காட்டினார்.

செத்த வீட்டுக்கு டொக்டரும் மிஸியும் வந்தார்கள். குடியேற்றத் திட்டத்தில் ஒரு செத்த வீட்டுக்கு டொக்டர் வருவது சின்ன விசயமில்லை. சனம் எழும்பி நின்றது. அவர் என்னிடம் வந்து, "அம்மா ஒருநாளும் ஒரு குறை சொல்லேல்லை," என்றார். உண்மையான துக்கத்தோடுதான் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. பந்தலுக்குள் இருந்த பெண்கள், "நல்லாத்தான் பாத்தவை, அவவின்ர விதி," என்றார்கள். நான் எழும்பி உள்ளே போனேன். தேத்தண்ணி கொடுக்கும்படி குசினிக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் குளிப்பாட்டவும் சேலை மாற்றவும் எனக்கு உதவியாக வந்தவர் அந்தப் பக்கத்துக் காணிப் பெண்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த சில நாட்களில் கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டார்.

"சின்னம்மா, இங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்க. கல்லு மாதிரி என்னமோ இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். மார்பில், தோலோடு பிடித்துக்கொண்டு, ஒரு கட்டி. அதற்கு மேலே தோல் உள்ளே இழுபட்டிருந்தது.

"டொக்டரிட்டச் சொன்னனீங்களோ?"

"ஐயோ, அந்த ஐயாகிட்டயா? இதயெல்லாமா சொல்லுவாங்க?"

கிளினிக் நாளில் நான் லீவு போட்டேன். அவர் தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார். வாயில் கராம்பு மணந்தது. அவருக்கு வாயில் ஒரு நோயும் இல்லை. கிளினிக்குக்குப் போவதென்றால் அதுவும் வேண்டும் என்று அம்மாவிடம் கற்றிருந்தார்.

"எப்பிடி அம்மா இருக்கிறியள்?" என்றார் டொக்டர்.

"நல்ல சுகமுங்க ஐயா. இருமல்தான் கொஞ்சம்."

பேனை அட்டைக்குப் போனது. நான் சொன்னேன்: "இருமலுக்கு வரேல்லை டொக்டர். அவவின்ர மார்பில கட்டி இருக்கு."

வாங்கில் இருந்த கதையெல்லாம் நின்றது. வெளியே வரிசையில் ஆண்களும் நின்றார்கள். அந்தப் பெண் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் எவரிடமும் வாங்கியதில்லை.

"ஓமோ அம்மா?" என்று டொக்டர் அவரைக் கேட்டார்.

"அப்பிடி ஒண்ணுமில்லீங்க. சின்னம்மாவுக்கு அவங்க அம்மா போனதுலேருந்து எதுக்கெடுத்தாலும் பயமுங்க."

டொக்டரின் முகத்தில் அதே சிரிப்பு மெல்ல வரத் தொடங்கியது. எனக்குத் தைரியம் சொல்லும் சிரிப்பு.

"கேக்காதேங்கோ டொக்டர்," என்றேன். "பாருங்கோ."

என் குரல் உயரவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சிற்றூழியர் வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தார். டொக்டர் பேனையை வைத்தார். அட்டையை மூடினார். பிறகு மிஸியைக் கூப்பிட்டுத் திரையை இழுக்கச் சொன்னார். திரைக்குப் பின்னால் அந்தப் பெண் மறுப்பதும் மிஸி அதட்டுவதும் கேட்டது. டொக்டர் வெளியே வந்து கை கழுவினார். என் பக்கம் பார்க்காமலே யாழ்ப்பாணத்துக்குத் துண்டு எழுதினார்.

பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்தில் இருக்கவில்லை. முன்சீற்றுக்குப் போய், முழுப் பஸ்ஸுக்கும் கேட்கச் சொன்னார்: "எப்பேர்ப்பட்ட மரியாதையான அம்மா அது. அந்த வயித்துல எப்பிடிங்க இப்பிடி ஒரு பொண்ணு? நாலு ஆம்பளைங்க நிக்கிற எடத்துல எம் மானத்த வாங்கிடுச்சு." கொண்டக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். துண்டு என் கையில் இருந்தது. அந்தப் பெண்ணிடம் கொடுத்தால் கிழித்துவிடுவார் என்று நானே வைத்திருந்தேன். மறுநாள் விடிய அவர் புருசனைக் கூப்பிட்டு விசயத்தைச் சொல்லி, இருவரையும் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றினேன். அவர் என்னைப் பார்க்காமலே ஏறினார்.

அவர் இன்னும் இருக்கிறார். ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். என்னைக் கண்டால் வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த டொக்டர் மாற்றலாகிப் போய் நாளாயிற்று. ஆனால் எங்கள் வாய்க்கால் கரையில் யாருக்காவது சுகமில்லை என்றால் அவர்தான் முதலில் போய் அந்த ஆஸ்பத்திரியைச் சொல்லுகிறார். அங்கே ஒரு ஐயா இருந்தார், வாயைத் திறந்து சொல்ல முன்னமே நோயைக் கண்டுபிடிச்சார், அவ்வளவு நல்லாப் பார்ப்பாங்க என்கிறார். போகும்போது குளித்துவிட்டுப் போகச் சொல்லுகிறார்.